எம்ஐடி பெட்டிக்குள் ஒரு ஜிபிஎல் கோப்பு

2021 மார்ச் கடைசியில், வெப் ஆப் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் வேலை பார்த்த யாரிடமாவது மைம்மேஜிக் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அதுவரை அந்தப் பேரைக் கேள்விப்பட்டிராதவர்கள்தான் அதிகம். நேற்று வரை ஒழுங்காக ஓடிய பில்ட், காலையில் வந்து பண்டில் இன்ஸ்டால் (தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை) அடித்தால் "அப்படி ஒரு வெர்ஷனே இல்லை" என்று நின்றுவிடுகிறது. சர்வர் கெட்டுவிட்டதா, யாராவது ஹேக் செய்துவிட்டார்களா என்று ஆளாளுக்குத் தேடிக் கடைசியில் பார்த்தால், காரணம் ஒரு லைசென்ஸ்.

மைம்மேஜிக் ஒரு சின்ன ரூபி ஜெம், அதாவது மற்ற திட்டங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜ். கையில் கொடுத்த கோப்பு படமா, பிடிஎஃப்பா, வீடியோவா என்று பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. எந்த எக்ஸ்டென்ஷன் என்ன வகை, எந்தக் கோப்பு எந்த பைட்டுகளோடு தொடங்கும் என்ற பெரிய பட்டியலை அவர்கள் சொந்தமாக எழுதவில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்கள் பயன்படுத்தும் ஷேர்டு மைம் இன்ஃபோ என்ற திட்டத்தின் எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்து ஜெம்முக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஜெம்மின் லைசென்ஸ் எம்ஐடி, கட்டுப்பாடு மிகக் குறைவானது. அந்த எக்ஸ்எம்எல்லோ ஜிபிஎல், உள்ளே சேர்த்து வெளியிட்டால் மொத்தத்தையும் அதே லைசென்ஸில் கொடுக்கச் சொல்வது. இத்தனைக்கும் அது ஒளித்து வைத்த ரகசியம் இல்லை. அந்தக் கோப்பைத் திறந்தால் மேலேயே, ஏற்கெனவே இருந்த பல பட்டியல்களைச் சேர்த்து உருவாக்கியது இது, அவை எல்லாமே ஜிபிஎல்லில் வெளிவந்தவை என்று ஒரு குறிப்பு இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

ஒரு நாள் ஷேர்டு மைம் இன்ஃபோவைப் பராமரிப்பவரே வந்து, எங்கள் ஜிபிஎல் கோப்பை உள்ளே வைத்துக்கொண்டு மொத்தத்தையும் எம்ஐடி என்று நீங்கள் கொடுக்க முடியாதே என்று ஜெம்மின் பக்கத்தில் இஷ்யூ (புகார்க் குறிப்பு) போட்டார். ஜெம்மைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாதாடவில்லை, ஜிபிஎல்லுக்கு மாற்றிப் புது வெர்ஷன் விட்டார், பழைய எம்ஐடி வெர்ஷன்களை, ஜெம்களின் பொதுக் கிடங்கான ரூபிஜெம்ஸிலிருந்து நீக்கிவிட்டார். அங்கேதான் சங்கிலி அறுந்தது. ரெயில்ஸுக்குள் ஆக்டிவ் ஸ்டோரேஜ், அதற்குள் மார்செல், அதற்குள் மைம்மேஜிக், அதற்குள் இந்த எக்ஸ்எம்எல். புது ரெயில்ஸ் ஆப் உருவாக்கினாலே இது அத்தனையும் கூடவே வந்துவிடும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

ரெயில்ஸ்காரர்கள் சில நாட்களுக்குள் 5.2.5, 6.0.3.6, 6.1.3.1 என்று மூன்று ரிலீஸ் விட்டார்கள். மார்செல் 1.0 அந்தப் பட்டியலைத் தூக்கிவிட்டு, அப்பாச்சி டிக்கா திட்டத்தின் பட்டியலுக்கு மாறிக்கொண்டது. மைம்மேஜிக்கும் பிறகு அந்தக் கோப்பைக் கூடவே தராமல், உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிற பிரதியைப் படித்துக்கொள்வது என்று மாற்றிவிட்டு எம்ஐடிக்கே திரும்பியது. அப்போது நிறைய பேர் கேள்வி கேட்டவரைத் திட்டினார்கள். "ஒரு பட்டியலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் காசு கேட்கவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை, தன் வீட்டுப் பொருளைத் தன் நிபந்தனைப்படி பயன்படுத்துங்கள் என்றார்.

இன்று மார்செலின் ரீட்மீயைத் திறந்தால் கடைசியில் சில வரிகள்: மார்செல் எம்ஐடி, இதன் சில பகுதிகள் மைம்மேஜிக்கிலிருந்து தழுவியவை, அதுவும் எம்ஐடி, வகை கண்டறியும் தரவு அப்பாச்சி டிக்காவிலிருந்து வந்தது, அது அப்பாச்சி லைசென்ஸ். எது எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையோடு வந்தது, அவ்வளவுதான். இந்தச் சில வரிகளை எழுதப் பத்து நிமிஷம் ஆகாது. எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மேலே சொன்ன கதை.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, பிரச்சினை வந்த வழி. கோட் எடுக்கும்போது ஓரளவுக்காவது லைசென்ஸ் பார்க்கிறோம். எக்ஸ்எம்எல், சொற்பட்டியல், எழுத்துரு, ஐகான், சாம்பிள் படம், இதையெல்லாம் யாரும் கோட் என்று நினைப்பதில்லை, அதனால் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறோம். பொதுவாக வம்பு வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

"நாங்கள்தான் லைசென்ஸ் செக் செய்யும் டூல் போட்டிருக்கிறோமே" என்று சொல்பவர்கள் உண்டு. நல்லது, போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான டூல்கள் பேக்கேஜின் மெட்டாடேட்டாவில் லைசென்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துப் பச்சை டிக் போடுகின்றன. அந்த இடத்தில் எழுதியிருப்பது, எழுதியவர் தன் பேக்கேஜைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. மைம்மேஜிக்கின் மெட்டாடேட்டா எம்ஐடி என்றுதான் சொன்னது, எந்த டூலும் அதைப் பாஸ் பண்ணியிருக்கும். ஒவ்வொரு கோப்பையும் உள்ளே புகுந்து படித்து, இங்கே ஜிபிஎல் வாசனை அடிக்கிறது என்று சொல்ல ஸ்கேன்கோட் மாதிரி டூல் வேண்டும். மெதுவாக ஓடும், தேவையில்லாத எச்சரிக்கையும் நிறைய தரும். ரிலீஸுக்கு முன்னால் ஒரு தடவை ஓட்டினால் போதும், ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்ட வேண்டியதில்லை.

நான் பராமரிப்பது ரெயில்ஸ் மாதிரி பெரிய சமாச்சாரம் இல்லை. தமிழ்ச் சொல் தேடும் ஒரு சின்ன வெப் கருவி, எம்ஐடியில் விட்டிருக்கிறேன், நாலைந்து பேர் அவ்வப்போது பேட்ச் அனுப்புவார்கள். போன வருஷம் ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டில், அதாவது சேர்க்கச் சொல்லி அனுப்பிய கோட் மாற்றத்தில், தப்பாக அடித்த சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தது. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கோப்பின் நடை அவருடைய மற்ற கோட் மாதிரி இல்லை. அவர் நாலு ஸ்பேஸ் விடுவார், இதில் டேப். அவர் கமெண்டே எழுத மாட்டார், இதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கமெண்ட், அதில் ஒன்றில் 'டிஸ்டன்ஸ்' என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தப் பிழையோடு சேர்த்து அந்த வரியைத் தேடலில் போட்டேன், மூலக் கோப்பு வந்து நின்றது. வரிக்கு வரி அதேதான். ஒரு வித்தியாசம், மூலத்தில் மேலே காப்பிரைட் வரியும் எம்ஐடி குறிப்பும் இருந்தன, நமக்கு வந்ததில் அந்தப் பகுதி மட்டும் இல்லை.

கேட்டேன். "அண்ணா, எம்ஐடிதானே? என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம்னு தானே அர்த்தம்? ஃபைல் சைஸ் குறையட்டும்னு மேல இருந்த கமெண்டை எடுத்தேன்" என்றார். தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் எல்லோரும் எம்ஐடியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன லைசென்ஸில் இருக்கிற நிபந்தனையே ஒன்றுதான்: இந்தக் காப்பிரைட் குறிப்பும் இந்த அனுமதிக் குறிப்பும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். அவர் அழித்தது சரியாக அதைத்தான். "அந்த வரிகளைத் திரும்ப மேலே போடுங்க, எந்த ரெப்போ, எந்த கமிட்டிலேர்ந்து எடுத்தீங்கன்னு பக்கத்துல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைங்க, அப்புறம் மெர்ஜ் பண்ணிடறேன்" என்றேன். அன்று சாயங்காலமே செய்துவிட்டார்.

அந்தப் பக்கத்து டெக்ஸ்ட் ஃபைல் என் கண்டுபிடிப்பு இல்லை. குரோமியம் திட்டத்தில் தேர்ட் பார்ட்டி என்று ஒரு ஃபோல்டர் உண்டு, வெளியே இருந்து வரும் எதுவும் அதற்குள்தான் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் ரீட்மீ டாட் குரோமியம் என்று ஒரு கோப்பு. பேர், எங்கிருந்து வந்தது, எந்த வெர்ஷன், என்ன லைசென்ஸ், நாம் அதில் என்ன மாற்றினோம். குரோம் உலாவியில் குரெடிட்ஸ் என்று நீளமாக ஒரு பக்கம் இருக்கிறதே, கூடவே வரும் திட்டங்களின் லைசென்ஸ்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் பக்கம், அதற்குத் தகவல் இந்தக் கோப்புகளிலிருந்துதான் போகிறது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே இந்தச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும் என்றால் நமக்கு எதற்கு வேறு. இதில் "நாம் என்ன மாற்றினோம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ரெண்டு வருஷம் கழித்து மூலத்தில் ஒரு செக்யூரிட்டி ஓட்டையை அடைத்துப் புது வெர்ஷன் விடுவார்கள், நாம் கை வைத்த இடம் எது என்று தெரியாமல் அதை எப்படி உள்ளே கொண்டுவருவது? லைசென்ஸுக்காக எழுதி வைத்தது அப்போது வேறு விதத்தில் கை கொடுக்கும்.

இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ரீயூஸ் என்று ஒரு முறை இருக்கிறது, ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையான எஃப்எஸ்எஃப்இ நடத்துவது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் காப்பிரைட் யாருடையது, எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் (லைசென்ஸைக் குறிக்கும் பொதுவான சுருக்கக் குறியீடு) என்ன என்று ரெண்டு வரி. படம், எழுத்துரு மாதிரி தலையில் எழுத முடியாதவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பு. லைசென்ஸின் முழு வாசகங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில். ரீயூஸ் லின்ட் என்று ஓட்டினால் எந்தக் கோப்புக்கு விவரம் இல்லையோ அதைப் பேர் சொல்லிக் காட்டும். இதை எனக்குப் பிடிக்கக் காரணம், படத்தையும் சொற்பட்டியலையும் அது விட்டுவைப்பதில்லை. லினக்ஸ் கெர்னலிலேயே 2017 வரை ஆயிரக்கணக்கான கோப்புகளில் லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, 4.14 வெர்ஷனில்தான் உட்கார்ந்து எஸ்பிடிஎக்ஸ் வரிகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நாம் தாமதமாக ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரெப்போவில், அதாவது கோட் வைத்திருக்கும் இடத்தில், எல்லாம் சரியாக வைத்துவிட்டு, பயனருக்குப் போகும் பொருளில் கோட்டை விடுவது இன்னொரு வகை. வெப் ஆப் என்றால் எல்லா ஜாவாஸ்கிரிப்டையும் ஒன்றாகச் சுருட்டி மினிஃபை செய்து அனுப்புகிறோம். பயனரின் உலாவிக்குப் போவதும் ஒரு பிரதிதான். இந்தச் சுருட்டும் வேலையைச் செய்யும் வெப்பேக் 5 கூடவே ஒரு லைசென்ஸ் டெக்ஸ்ட் கோப்பை உருவாக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது எடுப்பது, கோட்டுக்குள் இருக்கிற லைசென்ஸ் கமெண்டுகளை மட்டும்தான். நிறைய பேக்கேஜ்களில் கோட்டுக்குள் கமெண்டே இருக்காது, லைசென்ஸ் என்று தனிக் கோப்பு மட்டும் இருக்கும். அவை அத்தனையும் இதில் விடுபட்டுப்போகும். அதற்கென்று தனி ப்ளகின் இருக்கிறது, அதைப் போட்டு, வரும் பட்டியலை ஆப்பில் 'பற்றி' பக்கத்தில் ஒரு லிங்காக வைத்திருக்கிறேன். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்று தட்டினால் முடிவே இல்லாமல் ஓடும் பாருங்கள், அதே சங்கதி. யாரும் படிப்பதில்லைதான். ஆனாலும் அங்கே இருக்க வேண்டும்.

சரி, தரவுக்கு வருவோம். தமிழில் கருவி செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. சொற்பட்டியல் வேண்டுமென்றால் முதலில் போய் நிற்பது விக்சனரி. அதன் உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ, அதாவது எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், மாற்றிப் பகிர்ந்தால் அதே லைசென்ஸில் பகிர வேண்டும். டம்ப்பை, அதாவது அதன் மொத்த உள்ளடக்கப் பிரதியை, இறக்கிச் சொற்களையும் பொருளையும் உருவி ஜேசன் என்ற தரவு வடிவத்தில் ஒரு கோப்பாக்கி எம்ஐடி ரெப்போவில் போட்டுவிட்டு, மொத்தமும் எம்ஐடி என்று சொன்னால் அது மைம்மேஜிக் கதையேதான். வெறும் சொற்கள் மட்டும் என்றால் தகவலுக்குக் காப்பிரைட் கிடையாதே என்று வாதாட இடம் இருக்கிறது, அமெரிக்காவில் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில் டெலிபோன் டைரக்டரியை வைத்து உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஐரோப்பாவில் டேட்டாபேஸுக்கென்றே தனி உரிமை இருக்கிறது, அதோடு பொருள் விளக்கமும் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்ந்தால் அது வெறும் தகவலும் இல்லை. நான் வக்கீல் இல்லை, வாதாடி ஜெயிக்கும் ஆசையும் இல்லை. டேட்டா என்ற ஃபோல்டரைத் தனியாக வைத்து, இதற்குள் இருப்பது பிஒய்-எஸ்ஏ, கோட் எம்ஐடி, தரவு தமிழ் விக்சனரியிலிருந்து இன்ன தேதி டம்ப்பில் எடுத்தது என்று எழுதிவிட்டேன். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் தரவை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் அது வசதியாக இருக்கிறது.

எழுத்துருவில் வேறு மாதிரிச் சிக்கல். இன்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் நிறைய எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் (சுருக்கமாக ஓஎஃப்எல்) கிடைக்கின்றன, நோட்டோ, லோஹித், கேட்டமரன் எல்லாம் அதில்தான். எந்த மென்பொருளோடும் சேர்த்துக் கொடுக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, லைசென்ஸ் கோப்பு கூடவே போக வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் நாம் வெப்புக்குப் போடும்போது சைஸ் பெரிதாக இருக்கிறதே என்று லத்தீன் எழுத்துகளை வெட்டிவிட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த நிமிஷமே அது மாற்றப்பட்ட வெர்ஷன். எழுத்துருக்காரர் லைசென்ஸின் மேல் வரியில் தன் பேரை ஒதுக்கி வைத்திருந்தால், மாற்றிய வெர்ஷனுக்கு அந்தப் பேரை வைக்க முடியாது, வேறு பேர் வைக்க வேண்டும். கோப்பின் பேரை மாற்றினால் மட்டும் போதாது, எழுத்துருவுக்குள் நேம் டேபிளில் இருக்கும் பேரையும் மாற்ற வேண்டும். அதனால் ஓஎஃப்எல் என்று பார்த்ததும் நிறுத்திவிடாமல் அந்த முதல் ரெண்டு வரியைப் படியுங்கள், ஒதுக்கிய பேர் எதுவும் இல்லையென்றால் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். இருந்தால் நான் வெட்டாமல் முழுசாகவே போட்டுவிடுகிறேன். எழுத்துருவின் பேரை மாற்றிவிட்டுப் பிறகு அது எது என்று நானே தேடுவதற்கு அது மேல்.

எந்த லைசென்ஸோடு எது சேரும் என்பதற்கு இணையத்தில் அட்டவணை அட்டவணையாக இருக்கிறது, அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அடிக்கடி கால் இடறும் இடம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அப்பாச்சி 2.0 கோட்டை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுவரலாம், ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கிற திட்டத்துக்குள் முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருந்து எடுக்கிற கோட்டும் சும்மா கிடைப்பதில்லை, அதுவும் பிஒய்-எஸ்ஏதான், பதில் எழுதிய தேதியைப் பொறுத்து 2.5, 3.0, 4.0 என்று மூன்றில் ஒன்று. ரெண்டு வரி என்றால் கவலைப்பட மாட்டேன், முழு ஃபங்ஷன் என்றால் யோசனையைப் புரிந்துகொண்டு நானே எழுதிவிடுவேன்.

விளையாட்டாக லைசென்ஸ் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. ஜேசன் வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தன் ஜேசன் லைப்ரரிக்கு எம்ஐடியை எடுத்து, இந்த மென்பொருளை நல்லதுக்குத்தான் பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்குக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எது நல்லது என்று யார் முடிவு செய்வது? லினக்ஸ் விநியோகமான டெபியன் இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையான எஃப்எஸ்எஃப்பும் ஏற்கவில்லை, அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் தன் திட்டங்களில் கூடாது என்று தடுத்துவிட்டது. ஒரே வரியால் எத்தனையோ திட்டங்களில் ஆட்கள் உட்கார்ந்து வேறு ஜேசன் லைப்ரரிக்கு மாற வேண்டி வந்தது. 2022-இல் அந்த ஜாவா லைப்ரரி பப்ளிக் டொமைனுக்குப் போனது, இருபது வருஷம் கழித்து.

இதைவிட மோசம் லைசென்ஸே இல்லாத ரெப்போ. பொதுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லையென்றால் முழு உரிமையும் எழுதியவருக்கே, கிட்ஹப்பில் இருந்தால் பார்க்கலாம், ஃபோர்க் (அங்கேயே தன் கணக்கில் ஒரு பிரதி) செய்யலாம், அதற்கு மேல் அனுமதி இல்லை. தமிழ்க் கருவிகளில் இது ரொம்ப அதிகம். நல்ல நல்ல வேலையெல்லாம் லைசென்ஸ் போட மறந்து கிடக்கிறது. நான் செய்வது, ஒரு இஷ்யூ திறந்து, ஐயா, இதைப் பயன்படுத்த ஆசைப்படுகிறேன், எம்ஐடியோ அப்பாச்சியோ ஜிபிஎல்லோ உங்களுக்குப் பிடித்த ஒரு லைசென்ஸ் கோப்பைச் சேர்க்க முடியுமா என்று கேட்பதுதான். "சும்மா எடுத்துக்கோங்க ப்ரோ" என்று கமெண்டில் பதில் வந்தால், சந்தோஷம், ஆனால் தயவுசெய்து கோப்பாகச் சேருங்கள் என்று இன்னொரு தடவை கேட்பேன், ஏனென்றால் எனக்குக் கொடுத்த அனுமதி என்னிடமிருந்து எடுக்கிறவருக்குப் போய்ச் சேராது. பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு சந்தி பிரிக்கும் ஸ்கிரிப்டுக்காக இப்படிக் கேட்டு வைத்தேன், ரெப்போவில் கடைசி கமிட் 2014, மெயில் திரும்பி வந்துவிட்டது. இன்னும் ரெண்டு வாரம் பார்த்துவிட்டு, அதன் கோட்டைத் திறக்காமல் விதிகளை இலக்கணப் புத்தகத்திலிருந்தே எடுத்து எழுத ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். புணர்ச்சி விதிகள் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.